புயல் போன மறுநாள் காலை, வீட்டைத் தொடுவதற்கு முன்

வேலூர் மாவட்டத்துக் குடியாத்தத்தில் முப்பத்தோரு வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். அப்பா கொத்தனார். சின்ன வயதில் அவரோடு கலவை சுமந்ததில் சுவரும் கொஞ்சம் தெரியும். ஒவ்வொரு புயல் மழைக்கும் மறுநாள் விடியும்போதே என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "அண்ணா, கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க" என்பார்கள். நான் முதலில் கேட்பது, "இப்ப எங்க நின்னு பேசுறீங்க?" என்பதைத்தான். ஈரத் தரையில், இருட்டில், வீட்டுக்குள் நின்று பேசினால் முதலில் வெளியே வரச் சொல்வேன். மற்றதெல்லாம் அப்புறம்.

புயல் என்றால் கடலோரத்துக்காரர்கள் பாடு என்ற நினைப்பு எங்கள் பக்கம் இன்னும் போகவில்லை. 2020 நவம்பர் 25 இரவு நிவர் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது, மறுநாள் முழுக்க நமக்கு மழை. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் மாமல்லபுரத்தில் கரையேறி நம் பக்கமாகத்தான் நகர்ந்தது. இங்கே வந்து சேர்வதற்குள் காற்று தளர்ந்துவிடும், மழை தளராது. அதோடு நம் ஆறுகளின் தண்ணீர் நம் ஊரில் பெய்த தண்ணீர் மட்டும் கிடையாது. பாலாறு கர்நாடகத்து நந்தி மலையில் பிறக்கிறது. பொன்னை ஆறும் கவுண்டன்யா ஆறும் ஆந்திரத்திலிருந்து வருகின்றன. பலமநேர் பக்கம் ராத்திரி கொட்டினால் மோர்தானா அணை நிரம்பி, இங்கே வெயில் அடிக்கும்போதே தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போகும். 2021 நவம்பரில் அதைக் கண்ணாலே பார்த்தோம். 1903இல் வாணியம்பாடியை அழித்த பாலாற்று வெள்ளத்தைக் கதையாகக் கேட்டவர்கள், 2021இல் ஆற்றங்கரையில் நின்று வாயடைத்துப்போனார்கள்.

அதே 2021 நவம்பர் 19 காலை, பேரணாம்பட்டில் தொடர் மழையில் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்து 9 பேர் இறந்தார்கள். அதில் 4 குழந்தைகள். அந்தச் செய்தி வந்த நேரத்தில் என் அம்மா பேரணாம்பட்டு ரோட்டில் உள்ள எங்கள் கிராமத்து ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். மண் சுவர். அன்று மதியமே போய், "ரெண்டு நாள்ல கொண்டாந்து விட்டுடறேன்" என்று சொல்லி அழைத்து வந்தேன். "மழைதான் விட்டுடுச்சேடா, இப்ப எதுக்கு?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். மூன்றாம் நாள், நல்ல வெயிலில், காலை பதினொரு மணிக்குப் பின்பக்கச் சுவர் விழுந்தது. அம்மாவின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது.

மழை விட்டதும் ஆபத்தும் விட்டுவிட்டதாக நினைத்து உள்ளே ஓடுகிறோம். நான் போன வீடுகளில் பெரிய சேதமும் உயிர்ச்சேதமும் பெரும்பாலும் அதற்கப்புறம்தான் நடந்தன. அதனால், என்ன பார்க்க வேண்டும் என்பதைவிட எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று

அப்பா எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் முதல் சுற்றுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வருவார். எதையும் தொடமாட்டார். புயல் முடிந்த காலையில் நீங்களும் அப்படியே செய்யுங்கள். நன்றாக விடிந்த பிறகு, காலில் ரப்பர் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு, குழந்தைகளை ஒருவர் கையில் பிடித்து வைத்திருக்க, பெரியவர் ஒருவர் மட்டும் வீட்டைச் சுற்றி வரவேண்டும்.

முதலில் தரையைப் பாருங்கள். அறுந்த கம்பி கிடக்கிறதா? கிடந்தால் அது செத்த கம்பியா, உயிருள்ள கம்பியா என்று எங்களாலேயே கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அணைந்திருக்கும் லைனில் எந்த நிமிடமும் கரண்டு திரும்ப வரும். கம்பியிலிருந்து முப்பது அடிக்கு மேல் தள்ளி நில்லுங்கள். தேங்கிய தண்ணீரில் கம்பி கிடந்தால் அந்தத் தண்ணீர் முழுவதையும் கம்பியாகவே நினையுங்கள். கிட்டே போய்விட்டது தெரிந்தால் பதறி ஓடக்கூடாது. ஈர மண்ணில் இரண்டு காலுக்கும் நடுவே கரண்டு பாயும். பாதங்களை ஒட்டி வைத்து, தரையைவிட்டுத் தூக்காமல், சின்னச் சின்னதாக நகர்ந்து வெளியே வாருங்கள். யாராவது கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தாலும் கையால் இழுக்கக் கூடாது. முதலில் கரண்டை நிறுத்தச் சொல்லுங்கள். மின்வாரியப் புகார் எண் மின்னகம், 94987 94987. உங்கள் ஏரியா லைன்மேன் எண்ணையும் இன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தகரம். நிவர் போன மறுநாள் ஒரு வீட்டு அம்மா போன் செய்தார். "அண்ணா, மாட்டுக் கொட்டாய் தகரத்துல சாய்ஞ்சா சுருக்குன்னு இருக்குது" என்றார். அதற்குள் மாடு கீழே கிடந்தது. போய்ப் பார்த்தால், போஸ்டிலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் கொட்டாயின் தகர ஷீட் ஓரத்தில் உரசிக்கொண்டு போகிறது. ராத்திரி முழுக்கக் காற்றில் ஆடி ஆடி, ஷீட்டின் விளிம்பு அரிவாள்மாதிரி ரப்பரை அறுத்து உள்ளே இருந்த கம்பியைத் தொட்டுவிட்டது. கொட்டாய் முழுக்கக் கரண்டு. அந்த அம்மா காலில் ரப்பர் செருப்பு இருந்ததால்தான் சுருக்கென்ற அளவில் தப்பினார். அந்த வயரை அப்படி இழுத்துக் கட்டியவர் யார் என்று தேடிப் பயனில்லை. அன்று முதல் நான் எந்த வீட்டுக்குப் போனாலும் சர்வீஸ் வயர் எதன் மேல் உரசுகிறது என்று பார்க்காமல் உள்ளே நுழைவதில்லை. தகரம், இரும்பு கேட், மாடிக் கைப்பிடிக் குழாய், முருங்கைக் கிளை, இவற்றில் எது உரசினாலும் இதே கதைதான்.

துணி காயப்போடும் இரும்புக் கம்பியும் அப்படித்தான். ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும் மறுமுனையை மின்கம்பத்திலோ, கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியிலோ கட்டியிருப்பார்கள். மழை விட்டதும் நம் வீட்டுப் பெண்கள் முதலில் கை வைக்கும் இடம் அதுதான், ஈரத் துணியோடு. இதைப் படித்து முடித்ததும் அந்தக் கம்பியை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டிவிடுங்கள். ஆட்டையும் மாட்டையும் ஸ்டே கம்பியில் கட்டாதீர்கள்.

கரண்டு

தெருவிலேயே கரண்டு இல்லாவிட்டாலும் மெயினை நிறுத்த வேண்டும். ஆனால் எப்படி நிறுத்துகிறோம் என்பது முக்கியம். மீட்டர் போர்டு நனைந்திருந்தாலோ, அதன் கீழே தண்ணீர் நின்றாலோ தொடவே வேண்டாம். கம்பத்திலேயே துண்டிக்கச் சொல்லுங்கள். போர்டு காய்ந்திருந்தால், கையைத் துடைத்துக்கொண்டு, ரப்பர் செருப்போடு, காய்ந்த பலகை மேல் ஏறி நின்று, ஒரே கையால் நிறுத்துங்கள். மற்றக் கை சுவரையோ கதவையோ தொடக்கூடாது.

பல பேர் மறந்துவிடுவது இன்வெர்ட்டர். மெயினை நிறுத்தினாலும் பேட்டரியிலிருந்து வீட்டு வயரில் 230 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். "மெயின ஆஃப் பண்ணிட்டேன்ணா" என்று சொல்லிக்கொண்டே நனைந்த சுவிட்சு போர்டைத் திருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்வெர்ட்டர் சுவிட்சையும் நிறுத்தி, வீட்டுக்குப் போகும் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். மாடியில் சோலார் பலகை இருந்தால் வெளிச்சம் இருக்கும்வரை அதன் வயரில் கரண்டு இருக்கும். உடைந்த பலகையை நீங்கள் தூக்க வேண்டாம்.

சொந்தமாக ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருபக்கமும் பின் உள்ள வயரைச் செய்து ஜெனரேட்டரை வீட்டுப் பிளக்கில் சொருகாதீர்கள். அந்தக் கரண்டு பின்வழியாகத் தெரு லைனுக்கு ஏறி, டிரான்ஸ்பார்மரில் போய் ஆயிரக்கணக்கான வோல்ட்டாகப் பெருகும். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர் நம் ஊர்ப் பையன்தான். ஜெனரேட்டரைக் கதவு மூடிய அறையிலும் ஓட்டாதீர்கள், அந்தப் புகையில் உள்ள விஷவாயு வாசனையே தெரியாமல் ஆளைச் சாய்க்கும்.

கரண்டு திரும்பி வரும்போது என்ன செய்வது? எல்லா சுவிட்சும் நிறுத்தியிருக்கட்டும். பிரிட்ஜ், டி.வி., மோட்டார் பிளக்குகளைப் பிடுங்கிவிடுங்கள். முதலில் ஒரே ஒரு பல்பைப் போடுங்கள். அது வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தாலோ, ஒரு அறையில் மங்கியும் இன்னொரு அறையில் பளிச்சென்றும் எரிந்தாலோ உடனே மெயினை நிறுத்துங்கள். கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்திருக்கும். 230 வரவேண்டிய இடத்தில் 400 வரைக்கும் ஏறிவிடும். ஒரு தெருவில் ஒரே நேரத்தில் ஏழெட்டு வீட்டு டி.வி. எரிந்துபோனது என்று கேள்விப்படுகிறீர்களே, பெரும்பாலும் இதுதான் காரணம்.

பல்பு சரியாக எரிந்தால் ஒவ்வொரு எம்.சி.பி.யாக (கோளாறு வந்தால் தானே விழும் சுவிட்சு) போட்டுப் பாருங்கள். எது விழுகிறதோ அந்த லைனை விட்டுவிடுங்கள். அது காயட்டும். சுவருக்குள் புதைத்த பி.வி.சி. குழாயில் தண்ணீர் நின்றால் இரண்டு மூன்று நாள் வெயில் வேண்டும், அவசரப்பட முடியாது. கரண்டு கசிந்தால் தானே விழுந்து லைனை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. இருக்கும் வீட்டில் மழைக்காலத்தில் அது அடிக்கடி விழும். "அத எடுத்துட்டு நேரா குடுத்துடுங்கண்ணா, தொல்லையா இருக்குது" என்று என்னிடம் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவருக்கும் செய்து கொடுத்ததில்லை, இனியும் மாட்டேன். 30 மில்லி ஆம்பியர் எங்கோ கசிகிறது என்று அது சொல்கிறது. அந்தக் கசிவு ஒரு குழந்தையின் கை வழியாகப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. உங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், இந்த வருடம் டி.வி. மாற்றும் பணத்தில் அதை முதலில் போடுங்கள்.

தண்ணீர் புகுந்த மோட்டாரை, ஸ்டார்ட்டர் பெட்டியைக் காயவைக்காமல் ஓட்டினால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் போய்விடும். மெக்கானிக்கை அழைத்து, கரண்டு கசியுமா என்று அளக்கும் மெகர் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

சுவர்

இப்போது சுவர். இதில் மெத்தை (தளம் போட்ட) வீட்டுக்காரர்கள் கொஞ்சம் தைரியமாக இருக்கலாம். மண் சுவர், சுண்ணாம்புச் சுவர், தூண் இல்லாத ஹாலோபிளாக் காம்பவுண்டு, இவை உள்ளவர்கள் நிதானமாகப் படியுங்கள்.

மண் சுவர் ஈரத்தை உறிஞ்சும்போது அதன் எடை கூடிக்கொண்டே போகும், பிடிப்புக் குறைந்துகொண்டே வரும். மழை விட்டதும் மேல்பாகம் காய்ந்து பழைய கெட்டிக்குத் திரும்பிவிடும், அடிப்பாகம் இன்னும் பிசைந்த களிமண்ணாக இருக்கும். கெட்டியான பாரத்தை இளகிய அடி எத்தனை நேரம் தாங்கும்? அம்மா வீட்டில் நடந்ததும் இதுதான். அங்கே இன்னொரு தப்பும் இருந்தது. அதற்கு நாலு வருடம் முன்பு, சுவர் உதிர்கிறதே என்று வெளிப்பக்கம் சிமெண்டு பூசியிருந்தோம். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் சிமெண்டுப் பூச்சு உள்ளே போன ஈரத்தை வெளியே விடாது. ஓதம் உள்ளேயே தங்கிக் களிமண்ணைக் கரைத்தது. அப்பா இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டார், மண் சுவருக்கு மண்ணோ சுண்ணாம்போதான் பூச வேண்டும் என்று அடித்துச் சொல்வார்.

மண் சுவர் வீட்டில் பார்க்க வேண்டியவை: அடியில் ஓதம் எந்த உயரம்வரை ஏறியிருக்கிறது? ஒரு கரித்துண்டால் கோடு போட்டு வையுங்கள், கோட்டைத் தாண்டி ஏறினால் இன்னும் ஊறுகிறது. அடியில் மண் பொலபொலவென்று உதிர்ந்து பள்ளம் விழுந்திருக்கிறதா? சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா? ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் போதும், கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு செய்யும் வேலையை அது செய்யும். நேற்றுவரை எளிதாகத் திறந்த கதவு இன்று பிடிக்கிறதா? வாசக்கால் கோணியிருக்கிறது, அதற்கு மேலே பாரம் நகர்ந்திருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வீட்டில் அன்று ராத்திரி படுக்காதீர்கள். எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு வாரத்துக்குக் கட்டிலைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். நடுக்கூடத்தில் போடுங்கள்.

செங்கல் சுவரில் முடிமாதிரி மெல்லிய விரிசல் பூச்சில் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்புவது, செங்கல் இணைப்பைப் பிடித்துப் படிக்கட்டுமாதிரி ஏறுவது, உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரிவது, இந்த மூன்றும் அஸ்திவாரம் இறங்கியதைச் சொல்லும். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு காகிதத் துண்டை ஒட்டி வையுங்கள். ஒரு வாரத்தில் காகிதம் கிழிந்தால் சுவர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, கொத்தனாரோ இன்ஜினியரோ பார்த்தாக வேண்டும்.

காம்பவுண்டுச் சுவர் பக்கத்தில் ஒரு வாரத்துக்கு வண்டி நிறுத்தாதீர்கள், பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். பக்கத்து வீட்டுச் சுவர் உங்கள் பக்கம் சாய்ந்திருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

மலையடிவாரத்தில் வீடு கட்டியிருப்பவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் மழையில் திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண் வந்து மூடி ஒரே வீட்டில் 7 பேர் போனார்கள். பழைய வட ஆற்காட்டு மண்தான் அதுவும். வீட்டுக்கு மேலே மண்ணில் புது வெடிப்பு, சாய ஆரம்பித்த மரம், தெளிந்து ஓடிய ஓடை திடீரென்று கலங்குவது, இதில் எது தெரிந்தாலும் பொருளை எடுக்க நிற்காமல் ஆளைக் கிளப்புங்கள்.

மாடி, ஓடு, ஷீட்

மெத்தை வீட்டில் மாடித் தண்ணீர் போகும் குழாய் இலையால் அடைத்துக்கொண்டால், கைப்பிடிச் சுவருக்குள் மாடி தொட்டியாகிவிடும். ஆயிரம் சதுர அடி மாடியில் ஓர் அங்குலம் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 2,360 லிட்டர், அதாவது இரண்டே கால் டன்னுக்கு மேல். பழைய உத்திரம் போட்ட வீட்டுக்கு அது பெரிய பாரம். மழை விட்டதும் ஏறி, நீளக் குச்சியால் அடைப்பை எடுங்கள். படியும் மாடியும் பாசி பிடித்து வழுக்கும், தனியாக ஏறாதீர்கள். மாடிக்குப் பக்கத்தில் லைன் போனால் இரும்புக் கம்பியைக் கையில் எடுக்காதீர்கள்.

ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை உள்ளிருந்து பாருங்கள், பகலில் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். அன்றே மேலே ஏறாதீர்கள். நனைந்த வாரை எது தாங்கும், எது தாங்காது என்று தெரியாது. ஒரு தார்ப்பாய் போட்டு நாலு மூலையிலும் கயிறு கட்டிச் சமாளித்து, காய்ந்ததும் ஆளை ஏற்றுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மேல் கால் வைக்கவே கூடாது. உடைந்த ஷீட்டை வெட்டி அறுத்துத் தூசி கிளப்பாமல், நனைத்து, துணியால் மூக்கை மூடிக்கொண்டு முழுசாக எடுத்து வையுங்கள்.

உள்ளே நுழைந்த பிறகு

வாசலிலேயே மூக்கை நம்புங்கள். கேஸ் வாசனை வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். தீப்பெட்டி கூடாது. கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, முடிந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டு, வெளியே வந்து 1906க்குப் பேசுங்கள்.

துடைப்பத்தை எடுக்கும் முன் போனை எடுங்கள். விழுந்த சுவர், நனைந்த அரிசி மூட்டை, செத்த மாடு, தண்ணீர் நின்ற உயரம், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு வி.ஏ.ஓ.வுக்குச் சொல்லுங்கள். சுத்தம் செய்த பிறகு, "எங்கே சேதம்?" என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

தண்ணீர் புகுந்த வீட்டில் பாம்பும் புகுந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் கண்ணாடிவிரியன், கட்டுவிரியன், சுருட்டைவிரியன், நல்ல பாம்பு நாலும் உண்டு. விறகு அடுக்கு, மடித்த பாய், ஷூ, அடுக்கிய ஓடு, இவற்றில் கை விடுமுன் நீளக் கோலால் தட்டுங்கள். கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், மந்திரிக்கப் போய் நேரத்தைக் கழிக்காதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் 108இல் பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். விஷமுறிவு ஊசி அங்கே இருக்கும். கடித்த நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

சேற்றை அள்ளும்போது கால் புண்ணை மூடிக்கொள்ளுங்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும். வேலை முடித்த ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் டாக்டரிடம், "வெள்ளத் தண்ணியில நின்னேன்" என்று சொல்ல மறக்காதீர்கள்.

ஆற்றுத் தண்ணீர் கலந்த கிணற்றை முதலில் இறைத்துவிட்டு, ஊறிய பிறகு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். சாதாரணமாக ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம். பத்தடி குறுக்களவுக் கிணற்றில் பதின்மூன்றடித் தண்ணீர் நின்றால் சுமார் 29,000 லிட்டர், அதற்கு ஏறக்குறைய 72 கிராம். கலங்கல் இருந்தால் இன்னும் கூடப் பிடிக்கும், சுகாதார ஆய்வாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பவுடரை அப்படியே கொட்டாமல் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்ததை மட்டும் ஊற்றிக் கலக்கி, அரைமணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். அப்படியும் சில நாளைக்குக் கொதிக்கவைத்தே குடியுங்கள். மாடித் தொட்டி, உரல், டயர், தேங்காய்த் தொட்டி எதிலும் தண்ணீர் நிற்கவிடாதீர்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் பறக்கும்.

அடுத்த மழைக்கு முன்

எங்கள் ஊரில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அது முடிந்த வாரத்தை நான் வீட்டுக்காக ஒதுக்கிவிடுவேன். கத்திரி வெயிலில் மாடி நன்றாகக் காய்ந்திருக்கும், விரிசல் அடைக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஐப்பசி மழையில் கொத்தனாரைத் தேடினால் அவர் வரவும் மாட்டார், வந்தாலும் ஈரச் சுவரில் எதுவும் பிடிக்காது. அந்த வாரத்திலேயே எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றி, கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஷீட்டின் ஜே போல்ட்டுகளை முடுக்குவேன். சித்திரை, வைகாசிச் சாயங்காலத்தில் திடீரென்று அடிக்கும் சூறைக்காற்றை மறக்காதீர்கள். நம் பக்கம் வாழைத் தோட்டத்தைச் சாய்ப்பதும் ஷீட்டைப் பறக்கவிடுவதும் பெரும்பாலும் அந்தக் காற்றுதான், கார்த்திகைப் புயல் இல்லை. லைனுக்கு மேல் சாய்ந்த கிளையை நீங்களே வெட்டாமல் மின்வாரியத்தில் சொல்லி, லைனை நிறுத்தியபின் வெட்டுங்கள்.

எங்கள் வீட்டு வாசல் பக்கத்தில் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளி ஒன்று ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் இருக்கும். சூட்கேசைவிட வாளி நல்லது, தண்ணீர் புகாது, காலிசெய்தால் தண்ணீர் பிடிக்கலாம். உள்ளே டார்ச்சு, தனியாகக் கட்டிய பேட்டரி, பவர் பேங்க், விசில், இருபது முழம் தாம்புக்கயிறு, ஒரு வாரத்து மாத்திரைகள் டாக்டர் சீட்டோடு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அவல், பொரிகடலை, வறுத்த வேர்க்கடலை, வெல்லம். சில்லறையாக ஆயிரம் ரூபாய், டவர் போனால் போனில் பணம் அனுப்ப முடியாது. பட்டா, ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் சான்றிதழ் நகல்கள் இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள். மெழுகுவர்த்தி வைப்பதில்லை, கேஸ் கசிந்த வீட்டில் அதுவே எமன். அம்மாவின் இன்சுலினுக்கு ஒரு வழி உண்டு. கரண்டு போனால் மூடி இறுக்கமான சின்ன டப்பாவில் போட்டு, அதை மண்சட்டிக்குள் வைத்து, அந்தச் சட்டியைச் சுற்றி ஈர மணல் நிரப்பிய பெரிய பானையில் வைத்துவிடுவோம். குப்பியில் தண்ணீர் படக்கூடாது.

வானிலைச் செய்தியில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று சொல்லும்போது சிவப்பை மட்டும் கவனித்துப் பழகிவிட்டோம். 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யும் என்பதற்குத்தான் சிவப்பு. மண் சுவர் வீட்டுக்காரர்கள் ஆரஞ்சுக்கே கிளம்பிவிடுங்கள். நமக்கு மட்டுமல்ல, நம் ஆற்றுத் தண்ணீர் வரும் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்துக்கு என்ன நிறம் என்றும் பாருங்கள். தரைப்பாலத்தில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் ஓடுகிறது என்று வண்டியை இறக்காதீர்கள், கீழே ரோடு இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். கிராமத்து வீட்டின் பின்சுவரைச் செங்கல்லில் எழுப்பிவிட்டோம், மற்ற மூன்று சுவரும் மண்தான். பொங்கலுக்கு அங்கே போய்விட்டுவந்து, "என் வூட்ட நல்லாதான்டா கட்டியிருக்கீங்க" என்றார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் பேத்தியை விட்டுப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, எல்லாவற்றுக்கும் சேர்த்து 112, கேஸ் 1906, மின்னகம் 94987 94987. கடைசி வரியில் என் எண். போன வருடம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போகச் சொன்னார்.